வெள்ளை வில்லையில் ஒரு மஞ்சள் கோடு

செப்டம்பர் 16, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. இத்தனை நாள் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று எடுத்து எழுதுகிறேன். நான் வாயால் சொன்னதையெல்லாம் "நீ எப்ப சொன்ன?" என்று கேட்டே ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். தேதி போட்டு எழுதி வைத்தால் எவரும் மறுக்க முடியாது.

பெயர் முப்பிடாதி. வயது அறுபத்து மூன்று. புளியங்குடியில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. இங்கிலீஷ், மருந்துப் பெட்டிக்குள் மடித்திருக்கும் காகிதத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானாகப் படித்தது. போன வருஷம் ஆஸ்பத்திரி கைமாறியது. வயதாகிவிட்டது என்று என்னை நிறுத்தினார்கள். இப்போது புதிய டாக்டர் ஃபர்ஹானா திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். என் மேல் உள்ள பிரியத்தால் இல்லை. நான் கூப்பிட்டால்தான் இந்த ஊர்ப் பெண்கள் வருவார்கள்.

இரண்டு மாத முகாம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் ஆரம்பிக்கும் முன்பே வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் மெஷினாம். பேனா மாதிரி ஒரு குழல், ஒரு லேப்டாப். சதையை வெட்ட வேண்டாம். நல்லது என்றால் திரையில் பச்சை, சந்தேகம் என்றால் சிவப்பு.

மூன்று பேட்டரி டார்ச்சை வைத்துக்கொண்டு நான் பார்க்காததையா இது பார்த்துவிடும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மெஷினோடு வந்திருப்பவள் ஜெபராணி. நாசரேத்துக்காரி, படித்தது சென்னையில். அறைக்குக் கறுப்புத் திரை போட்டாள்.

"நல்ல சதை நீல வெளிச்சம் பட்டா லேசா மினுங்கும்மா. கெட ஆரம்பிச்ச இடம் இருண்டுபோகும். நம்ம கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இதுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை வில்லை ஒன்று, கேரம் காய் அளவு, சுண்ணாம்புக் கட்டி போலச் சொரசொரவென்று. பெட்டியில் ஒரு துளை. தினமும் காலையில் குழலை அந்தத் துளையில் சொருகுகிறாள். வில்லையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வைத்துத்தான் நாள் முழுக்க மற்றதை அளக்குமாம்.

"தராசுக்குப் படிக்கல்லு மாதிரியா?"

"அதேதாம்மா! ஆனா மூடியத் தெறந்து கையால தொட்றாதீங்க. தூசு கூடப் படக்கூடாது."

முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் அறையைக் கழுவியவளிடம் சுத்தம் சொல்லித் தருகிறாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மகன் செல்லத்துரை திருப்பூரிலிருந்து போன் செய்தான். ஞாயிறு பத்து மணிக்கு அவன் போன் வரும். "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்ற இரண்டு கேள்வி. நான்கு நிமிஷம்.

விடியுமுன் எழுந்து துணி துவைத்துவிட்டேன். வெளிர் சேலைகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தேன். கறுப்பும் மெரூனும் அழுக்குத் தாங்கும். இறந்துபோன என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மடித்து வைத்தேன், வீட்டில் எதற்காவது ஆகும்.

இடுப்பு வலி. குடம் தூக்கியதால் இருக்கும்.

செப்டம்பர் 27, வெள்ளி

பொய் எழுத மாட்டேன். போன வாரம் ஒரு டீச்சர் வந்தாள். முப்பத்தாறு வயது, ஒரு தொந்தரவும் இல்லாதவள். என் டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. மெஷின் சிவப்பு காட்டியது. திருநெல்வேலிக்கு அனுப்பிச் சதை எடுத்துப் பார்த்ததில், நோய் ஆவதற்கு முந்தின நிலையாம். சின்னதாகச் சுரண்டி எடுத்துவிட்டால் போதுமாம். இன்று டீச்சர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

இசக்கியம்மா மதினிக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரியில், பஞ்சால் தொட்டதும் ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். அப்போதிருந்த பெரிய டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அது வெறும் புண்ணு. ஆயான்னா ஆயா வேலைய மட்டும் பாரு" என்றார். மதினி பதினாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் வந்து கேட்டபோது ஆஸ்பத்திரியின் நோயாளிச் சீட்டுக் கட்டில் அந்த நாளின் சீட்டு இல்லை. கிழித்திருந்தார்கள். "முப்பிடாதி ஒண்ணுமே சொல்லலியே" என்றார் டாக்டரம்மா. அண்ணன் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

படிவம் எழுதுவது என் வேலை. வயது, பிள்ளைகள், வெள்ளைப்படுதல், சேர்க்கைக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம். இந்தக் கேள்விகளை டாக்டர் கேட்டால் பெண்கள் சுவரைப் பார்ப்பார்கள். நான் கேட்டால் பதில் வரும்.

மத்தியானம் சோற்றுச் சட்டியைத் திறந்தபடி ஜெபராணி கேட்டாள்: "ஊரையே படுக்க வைக்கிறீங்க. நீங்க எப்பம்மா?"

"எனக்கு என்னத்துக்கு? கட்டையில போற வயசு."

"அறுபத்தஞ்சு வரைக்கும் பாக்கலாம். அந்த அஞ்சாவது கேள்விக்கு உங்க பதில் என்ன?"

இல்லை என்றேன்.

அக்டோபர் 5, சனி

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஜெபராணி ஊருக்குப் போய்விட்டாள். சாவி என்னிடம்.

காலையிலேயே போய் அறையைக் கழுவினேன். கத்தரி, தட்டு, கொதிகலன், டார்ச் எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேப்டாப்புக்கு ஓரத்தில் ஒன்று. குழலுக்குப் பிடியில் ஒன்று. தராசுக்கு வைத்துவிட்டுப் படிக்கல்லை விடலாமா? பெட்டியைத் திறந்து அந்த வெள்ளை வில்லைக்கு மோதிர விரலால் குழைத்த மஞ்சளில் ஒரு கோடு இழுத்தேன். பூஜை முடிந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்துவிட்டேன். சுத்தமாகப் போய்விட்டது. தொட்டால் என்ன ஆகிவிட்டது?

பொரியும் கடலையும் பொட்டலம் கட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். எனக்கென்று வைத்த பொட்டலம் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

பார்த்துக்கொண்டேன்.

கடைசி ஆள் போனபின் நானே போய்ப் படுத்தேன். டாக்டர் ஒன்றும் கேட்காமல் கருவியைப் போட்டார். மேலே கறுப்புத் திரையில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்தேன், தைக்க வேண்டும். இத்தனை பெண்களை இதே மேஜையில் "கால மடக்கு, மூச்ச விடு" என்று அதட்டியிருக்கிறேன். எனக்கு மூச்சு விடத் தெரியவில்லை.

"பச்சை!" என்றாள் ஜெபராணி. "நல்ல பச்சை. இதுக்கா இத்தன நாள் பயந்தீங்க?"

"யாரு பயந்தா?"

அக்டோபர் 15, செவ்வாய்

ரொம்ப நாளைக்குப் பிறகு மீன் வாங்கினேன். ஒருத்திக்கு அரைக் கிலோ அதிகம்தான். பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

மெஷின் நல்ல மெஷின். மனிதக் கண் பொய் சொல்லும். மெஷினுக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்று கிடையாது. நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

துணி துவைத்தேன். இது உடம்புச் சூடுதான், வேறொன்றும் இல்லை. வெந்தயம் ஊறப் போட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பேச்சிக்கனியைக் கூட்டிப் போனேன். எலுமிச்சை மண்டியில் காய் பிரிக்கிறவள். வயது முப்பத்தெட்டு, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு மாதமாக இழுத்தடித்தாள்.

"யத்தே, அங்க போயி என்னத்தக் காட்டச் சொல்லுதீங்க? எம்புருசனே வெளக்க அமத்திட்டுத்தான் வாரான்."

"அங்கயும் வெளக்க அமத்திட்டுத்தான் பாப்பாங்க. வாட்டி."

சிரித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் கருவியைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் பிரசவ வலி என்று ஓடினார். நான் பஞ்சால் துடைத்தேன். லேசாகத்தான் தொட்டேன். பஞ்சு சிவந்து வந்தது.

ஜெபராணி குழலை வைத்தாள். பச்சை.

பஞ்சை வாளியில் போட்டு மூடினேன். பச்சை என்றால் பச்சை. வெறும் புண்ணாக இருக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஜெபராணி கணக்குப் பார்த்தாள். முதல் நாலு வாரத்தில் எண்பத்திரண்டு பேரில் ஒன்பது சிவப்பு. பூஜைக்குப் பிறகு முப்பத்து மூன்று பேர், ஒரு சிவப்பும் இல்லை.

"விளக்கு பழசாயிட்டோ? திரும்பி வர்ற வெளிச்சம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"இந்த ஊர்த் தண்ணி நல்ல தண்ணி" என்றேன்.

"அப்படின்னா செப்டம்பர்ல வேற தண்ணியாம்மா குடிச்சாங்க?"

பேச்சிக்கனி வாசலில் கோலம் போடுகிறாள். நான் பின்பக்கமாக வந்துவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் கரண்ட் போனது. பூஜைக்குப் பிறகு நாற்பத்தோராவது ஆளை அப்போதுதான் அனுப்பியிருந்தோம். ஜெபராணி ஜெனரேட்டரைப் பார்க்கப் போனாள். குழல் பேட்டரியில் ஓடுவது. மேஜை மேல் நீல வெளிச்சத்தோடு கிடந்தது. இருட்டில் தடவும்போது என் கை பட்டுக் கறுப்புப் பெட்டி விழுந்தது. மூடி திறந்து வில்லை உருண்டு அந்த வெளிச்சத்துக்கு முன்னால் போய் நின்றது.

வில்லை எரிந்தது. மின்மினி மாதிரி, பச்சையும் மஞ்சளுமாக. நடுவில் ஒரு கோடு மட்டும் அதிகப் பிரகாசமாக. என் மோதிர விரல் போன தடம். சுற்றிலும் நான் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்த இடமெல்லாம் மேகம் போலப் பரவி.

கரண்ட் வருவதற்குள் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். மூடுமுன் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வில்லையில் ஒன்றுமே இல்லாதது போல, லேசாக, பழைய பல் நிறம்.

படிக்கல் தேய்ந்துவிட்டால் நிறுப்பதெல்லாம் கனமாகத் தெரியும். மஞ்சள் நீலத்தைக் குடித்து வேறு நிறமாக எரிகிறது; அப்படி வில்லை திருப்பும் நீலம் மங்கிவிட்டால் அளப்பதெல்லாம் பிரகாசமாகத் தெரியும். பிரகாசம் என்றால் பச்சை. இதற்குச் சென்னையில் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

மழை. நாலு பேர் வந்தார்கள். பச்சை.

அக்டோபர் 26, சனி

நாலு பேர்.

அக்டோபர் 27, ஞாயிறு

செல்லத்துரை போன் செய்தான். "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" தொண்டைக்கட்டு என்றேன். தீபாவளிக்கு வர முடியாதாம், கம்பெனியில் ஆர்டர். சரி என்றேன்.

காலையிலிருந்து பதினோராம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. விளக்கு பழசு என்று சொல்லிச் சென்னைக்கு எடுத்துப் போவார்கள். முகாம் முடிந்துவிடும். "ஆயாதானே, பொட்டு வச்சுக் கெடுத்தா" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இத்தனை வருஷம் நான் பேசிய பேச்சுக்கு, அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியாது.

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். தைத்த இடத்தில் இரண்டு அங்குலம் கிழிந்தது.

அதற்கு மேல் கை போகவில்லை. சீட்டுக் கட்டில் இல்லாத அந்தச் சீட்டு எப்படிக் கிழிந்திருக்கும் என்று இருபத்தாறு வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படித்தான், ஒரு சத்தமும் இல்லாமல்.

அக்டோபர் 28, திங்கள்

எட்டு மணிக்கே போய் டாக்டர் மேஜையில் டைரியைத் திறந்து வைத்தேன். ஜெபராணியும் இருந்தாள். டாக்டர் ஃபர்ஹானா இரண்டு தடவை படித்தார். ஜெபராணி பெட்டியை எடுத்துக்கொண்டு இருட்டறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"நான் மொத நாளே சொன்னேம்லா, கையே படக்கூடாதுன்னு!"

"சொன்ன. நான் கேக்கல."

டாக்டர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். நான் தடுப்பதற்குள் வியாழக்கிழமையையும் படித்துவிட்டார்.

"நாலு நாளைக்கு முன்னாடியே தெரியும். அதுக்கப்புறம் எட்டுப் பேரப் படுக்க வச்சிருக்கீங்க."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"எனக்கும் பச்சை வந்திருந்துச்சு."

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு, மெதுவாக, "முப்பிடாதிம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்றார்.

"மொதல்ல நாப்பத்தொம்பது பேரயும் திரும்பக் கூப்பிடணும். அப்புறம் என் கதை."

வேறு வில்லை சென்னையிலிருந்து வர சனிக்கிழமை ஆகுமாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை என்னது என்றேன். "மெஷின்ல சின்னக் கோளாறுன்னு சொல்லுங்க, போதும். எல்லாரும் பயந்துருவாங்க" என்றார் டாக்டர்.

"செய்யாத தப்ப மெஷின் தலையில போட மாட்டேன். அப்படிப் போட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"இந்தப் பிடிவாதத்த வியாழக்கிழம காட்டியிருக்கலாம்" என்றார்.

  அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 30, புதன்

தீபாவளிக்கு முந்தின நாள். அதிரசம் சுடும் வீடுகளில் போய் நின்று சொன்னேன். ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தியின் மாமியார் "நல்ல நாளும் அதுவுமா இதச் சொல்ல வந்துட்டா" என்று துடைப்பத்தை எடுத்தாள். என்னையும் பேச்சிக்கனியையும் தவிர மற்ற நாற்பத்தேழு வீடும் முடிந்தது. காலில் கொப்புளம்.

கடைசியாகப் பக்கத்து வீடு. நான் சொல்லச் சொல்லப் பேச்சிக்கனியின் முகம் மாறியது.

"பஞ்சுல ரத்தம் வந்தது தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எம்மவ ரெண்டும் உங்க மடியில வளந்ததுல்லா. கோடு போடத் தெரிஞ்ச வெரலுக்கு, வாயத் தெறக்க இத்தன நாளா யத்தே?"

கதவைச் சாத்திவிட்டாள். தட்டவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டுப் பலகாரத் தட்டு இருபது வருஷமாக வரும். வரவில்லை. பிரிக்காத பொரிப் பொட்டலத்தை இன்று பிரித்தேன். நமத்துவிட்டது. தின்றேன்.

நவம்பர் 4, திங்கள்

புது வில்லை வந்துவிட்டது. பெட்டிக்கு ஜெபராணி பூட்டுப் போட்டிருக்கிறாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு சேர்ந்து கிடக்கிறது. சரிதான்.

வராண்டாவில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் இருந்தார்கள். ஓரத்தில் பேச்சிக்கனி. "யாரு மொகத்துக்காகவும் வரல. டாக்டரம்மாவுக்காக வந்தேன்" என்று எனக்குக் கேட்கும்படி சுவரிடம் சொன்னாள்.

"யாரு மொதல்ல?" என்றார் டாக்டர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் போனேன்.

படிவம் எழுத ஆளில்லாததால் ஜெபராணியே எழுதினாள். கதவை மூடவில்லை. மூட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வயது கேட்டாள். பிள்ளைகள் கேட்டாள். ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், நான் பெண்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்: "தூரம் நின்ன பெறகு ரத்தம் பட்டுச்சாம்மா?"

"பட்டுச்சு."

"எப்ப இருந்து?"

"மாசி மாசத்துல இருந்து."



சிவப்பு. டாக்டர் திருநெல்வேலிக்கு அனுப்ப அங்கேயே கொஞ்சம் சதை எடுத்தார். "ஆரம்பமா இல்லையான்னு சோதனை சொல்லும். ஆனா மாசியிலேயே வந்திருக்கணும் நீங்க" என்றார். என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். அப்படி ஒருவர் செய்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை.

எனக்கு அடுத்துப் பேச்சிக்கனி. அவளுக்கும் சிவப்பு. இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமை திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார் டாக்டர். மற்ற ஒன்பது பேரும் பச்சை. இது உண்மையான பச்சை.

சாயங்காலம் என் ஜன்னல் கம்பி வழியாக ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே விழுந்தது. வெளியிலிருந்து குரல்: "வெள்ளிக்கெழம திருநவேலி வண்டி ஆறு மணிக்கு. உங்களுக்குப் பஸ்ஸுன்னா கொமட்டும். பிந்தினா நான் நிக்க மாட்டேன்."

நவம்பர் 6, புதன்

காலையில் செல்லத்துரைக்கு நானே போன் செய்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்.

"யம்மா! இன்னைக்குப் புதன்கெழமல்லா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எழுதி வச்சிருக்கேன், வாசிக்கேன், கேளு."

வெளியில் வந்திருப்பான், சத்தம் குறைந்தது. செப்டம்பர் பதினாறிலிருந்து வாசித்தேன். இருபத்திரண்டாம் தேதியில் நின்றேன். இடுப்பு வலி, குடம் தூக்கியதால் என்று எழுதியிருந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

டைரியை மூடிவிட்டு, அன்றைக்கு எழுதாமல் விட்டதையும் வெள்ளிக்கிழமை ஆறு மணி வண்டியையும் வாயால் சொன்னேன்.

 "நீ எப்பம்மா சொன்ன?" என்று கேட்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன்.

"வெள்ளிக்கெழம ஆறு மணி வண்டின்னா, நான் வியாழன் ராத்திரியே வந்துரட்டுமா?" என்றான்.